சுண்ணாம்புக்கல்லும் நன்னீரும்: காங்கேசன்துறைச் சீமெந்தாலையின் வரலாறும் இலங்கைச் சீமெந்துக் கைத்தொழிலின் எதிர்காலமும்

1. முன்னுரை

இலங்கை சுதந்திரமடைந்த பின்னர் அரசு நிறுவிய பாரிய கைத்தொழில்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கது காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை. 1950ஆம் ஆண்டில் உருவான அத்தொழிற்சாலை நாற்பது ஆண்டுகள் இயங்கி, 1990ஆம் ஆண்டில் போரினால் நின்றது. அது மீண்டும் இயங்கவேண்டும் என்னும் கோரிக்கை போர் முடிந்த 2009ஆம் ஆண்டு முதல் தேர்தல் மேடைகளிலும், முதலீட்டு மாநாடுகளிலும், புலம்பெயர் அமைப்புகளின் தீர்மானங்களிலும் திரும்பத் திரும்ப எழுந்து வருகின்றது. இழந்ததை மீட்டல் என்ற உணர்வு இக்கோரிக்கைக்கு வலுவூட்டுகின்றது. அவ்வுணர்வு நியாயமானது. ஆயினும், மீட்கக் கோரப்படும் பொருள் யாது, அது எதனைக் கொண்டு இயங்கியது, அதன் விலையை யார் கொடுத்தனர் என்னும் வினாக்கள் போதிய அளவு கேட்கப்படவில்லை.

காங்கேசன்துறை ஆலையின் வரலாற்றை இலங்கைச் சீமெந்துக் கைத்தொழிலின் பொதுவரலாற்றுக்குள் வைத்து நோக்கி, அக்கைத்தொழிலின் இன்றைய நிலையையும் எதிர்காலத்தையும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆலைக்கு இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று சீமெந்துக் கணக்கு, மற்றையது நீர்க்கணக்கு. முதலாவது முறையாக எழுதப்பட்டது. இரண்டாவது எழுதப்படவேயில்லை. அது எழுதப்படும் வரை, வடபுலத்தில் புதிய சுண்ணாம்புக்கல் அகழ்வுக்கு எவரும் இசைவு தெரிவித்தல் தகாது என்பதே இக்கட்டுரையின் முடிவு.

2. சுண்ணாம்புக்கற் படையும் ஆலையின் இடத்தெரிவும்

சீமெந்து ஆக்கும் முறை எளிதில் விளங்கத்தக்கது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் உரிய அளவிற் கலந்து, சுழல்சூளையில் ஏறத்தாழ 1,450 பாகை செல்சியசில் சுட்டால், கிளிங்கர் எனப்படும் கரிய உருண்டைகள் கிடைக்கும். அக்கிளிங்கரைச் சிறிதளவு ஜிப்சத்துடன் சேர்த்து நுண்ணிய தூளாக அரைத்தால் சீமெந்து. ஆகவே இத்தொழிலில் இரண்டு கட்டங்கள் உள்ளன: சுடுதல், அரைத்தல். இவ்விரண்டும் ஒரே இடத்தில் நிகழவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலங்கையின் சீமெந்து வரலாறு முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே விளங்கிக்கொள்ளத்தக்கது.

ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் தேவைப்படும். கல்லின் நிறையில் கணிசமான பகுதி சூளையில் கரியமில வாயுவாக வெளியேறிவிடுகின்றது. இவ்வாறு நிறை இழக்கும் மூலப்பொருளைப் பயன்படுத்தும் தொழில், மூலப்பொருள் கிடைக்கும் இடத்திற்கே இழுக்கப்படும் என்பது 1909ஆம் ஆண்டில் ஜெர்மானியப் பொருளியலாளர் அல்பிரெட் வெபர் வகுத்த கைத்தொழில் அமைவிடக் கோட்பாடு. இலங்கையின் பெரும்பகுதி பழமையான உருமாறிய பாறைகளால் ஆனது. சீமெந்துக்கு உகந்த அடையற் சுண்ணாம்புக்கல், மயோசீன் காலத்திற் படிந்து, புத்தளத்திலிருந்து மன்னார் வழியாக யாழ்ப்பாணக் குடாநாடு வரை நீளும் வடமேற்குக் கரையோரப் பட்டியிலேயே உள்ளது. எனவே சீமெந்தாலை ஒன்றை நிறுவ விரும்பிய அரசுக்குத் தெரிவுகள் மிகச் சிலவே. துறைமுகமும் புகையிரதமும் சுண்ணாம்புக்கல்லும் ஒருங்கே அமைந்த இடமாகக் காங்கேசன்துறை இருந்தது.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1948 முதல் 1953 வரை கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் தமிழ்ப் பகுதிகளுக்குப் பெற்றுத்தந்த கொடைகளாகக் காங்கேசன்துறைச் சீமெந்தாலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் காகித ஆலை ஆகியன பேசப்படுவது வழக்கம். குடியுரிமைச் சட்டங்களின் காலத்தில் அவர் அமைச்சரவையில் அமர்ந்தமையைக் கண்டிப்போரும், அதற்கு ஈடாக இவ்வாலைகளையே சுட்டுவோரும் எம்மிடையே இன்றும் உள்ளனர். அவருடைய பதவியும் முயற்சியும் பணிகளை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் இடத்தைத் தீர்மானித்தது கல். ஆலையைக் கொடையாகக் காண்பவர் அதன் செலவைக் கேட்பதில்லை. மண்ணின் வளத்தை எடுத்துப் பயன்படுத்திய முயற்சியாகக் காண்பவரே, எடுக்கப்பட்டதற்கு ஈடாக எது விடப்பட்டது என்று கேட்பார்.

3. கூட்டுத்தாபனக் காலம்: 1950–1990

இரண்டாம் உலகப் போர் கப்பற் போக்குவரத்தைச் சீர்குலைத்தபோது, இறக்குமதியை நம்பியிருந்த இலங்கையின் நிலை வெளிப்பட்டது. போரின் பின் தொடங்கிய கல்லோயா போன்ற நீர்ப்பாசனத் திட்டங்களும் குடியேற்றங்களும் கட்டிடங்களும் சீமெந்தைப் பெருமளவில் வேண்டிநின்றன. இப்பின்னணியிலேயே அரசு நேரடியாகத் தொழிலில் இறங்கியது. 1957ஆம் ஆண்டின் 49ஆம் இலக்க அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனங்கள் சட்டத்தின் கீழ், ஆலை இலங்கைச் சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பிற்கு வந்தது.

சுண்ணாம்புக்கல் ஆலையின் அருகிலேயே அகழப்பட்டது. களிமண்ணோ மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து வந்தது. முருங்கனிலிருந்து புகையிரதம் முதலிற் கிழக்கே மதவாச்சிச் சந்திக்குச் சென்று, பின்னர் வடக்கு நோக்கித் திரும்பி, வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் கடந்து காங்கேசன்துறையை அடையவேண்டும். இருநூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட இச்சுற்றுவழியில் களிமண் வந்தது. அதே பாதையில் சீமெந்து தெற்கே சென்றது. வடபகுதிப் புகையிரதப் பாதையைப் பயணிகளுக்கான பாதையாக, 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியின் பாதையாக, நினைவுகூர்வது எம் தலைமுறையின் பழக்கம். ஆனால் அது சரக்குப் பாதையாகவும் இருந்தது. வடக்கையும் தெற்கையும் பிணைத்தவற்றுள் சீமெந்து மூட்டையும் ஒன்று.

அப்பிணைப்பு கடல்வழியாகவும் அமைந்தது. 1960களின் பிற்பகுதியில் தென்கரையின் காலியில் ரூகுணுச் சீமெந்தாலை எழுந்தது. அது சூளையற்ற அரைப்பாலை. காங்கேசன்துறையில் சுட்ட கிளிங்கர் அங்கே அரைக்கப்பட்டது. 1970ஐ ஒட்டிப் புத்தளத்தில் இரண்டாவது முழு ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கான சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர் வடக்கேயுள்ள அருவக்காட்டில் அகழப்பட்டு, தனிப் புகையிரதப் பாதையில் ஆலைக்கு வந்தது. இவ்வாறு 1970களில், வடக்கிற் சுட்டு, தெற்கில் அரைத்து, தீவெங்கும் விற்கும் ஒரு தேசியக் கைத்தொழில் உருப்பெற்றிருந்தது.

1977இன் பொருளாதாரத் திறப்பும் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் கேள்வியை மேலும் உயர்த்தின. விக்டோரியா, கொத்மலை, இரந்தெனிகலை அணைகள் எழுந்த காலம் அது. அக்கேள்வியை நிறைவுசெய்யும் முயற்சிகளுள் ஒன்றாக, 1981இல் லங்கா சீமெந்து நிறுவனம் காங்கேசன்துறையிலேயே அமைக்கப்பட்டது. 1982இல் நிறுவப்பட்ட டோக்கியோ சீமெந்து நிறுவனம் வேறு வழியைத் தெரிந்தது. தமிழ்த் தொழில்முனைவர் ஏ. வை. எஸ். ஞானம் ஜப்பானியப் பங்காளருடன் நிறுவிய அந்நிறுவனம், திருகோணமலையின் ஆழ்துறைமுகத்தருகே அரைப்பாலையை அமைத்து, கிளிங்கரைக் கப்பலிற் கொண்டுவந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எழுந்த இவ்விரு முடிவுகளுள் முதலாவது கல்லை நம்பியது. இரண்டாவது துறைமுகத்தை நம்பியது. பின்னாளில் நிலைத்தது இரண்டாவதே.

இவ்வாலையைச் சமூக வரலாற்று நோக்கிலும் காணுதல் வேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்தில் கல்வி பெரும்பாலும் எழுதுவினைஞர் உத்தியோகத்திற்கும் மருத்துவம், பொறியியல், சட்டம் ஆகிய உயர்தொழில்களுக்குமான ஏணியாகவே கருதப்பட்டது. இயந்திரத்தோடு பழகும் தொழிலாளர் திரள் ஒன்று குடாநாட்டில் உருவாவதற்குச் சீமெந்தாலை இடமளித்தது. பொருத்துநர், மின்வினைஞர், ஆய்வுகூட உதவியாளர், கற்குழித் தொழிலாளர் எனப் பலதரப்பட்டோர் ஒரே வாயிலால் நுழைந்தனர். பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலின் பின் உயர்கல்வி வாய்ப்புச் சுருங்கிய 1970களில், உள்ளூரில் நிலையான மாதச் சம்பளம் தந்த ஓர் ஆலையின் பெறுமதியைப் புள்ளிவிபரங்களால் மட்டும் அளக்கவியலாது.

4. ஆலை நின்ற பின்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது சூளைகள் அணைந்தன. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆலையும் துறைமுகமும் சுற்றயற் கிராமங்களும் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கின. புகையிரதம் நின்றது, அது காங்கேசன்துறைக்கு மீள வந்தது 2015இன் தொடக்கத்தில். அதற்குள் ஆலையின் இயந்திரங்கள் மீளப் பயன்படாத நிலையை அடைந்திருந்தன.

வடக்கில் ஆலை நின்ற அதே பத்தாண்டில், தெற்கில் அரச சீமெந்து கைமாறியது. புத்தளம் ஆலை 1993இல் தனியார்மயமாக்கப்பட்டு, 1990களின் நடுப்பகுதியிலேயே பின்னாளில் ஹொல்சிம் எனப் பெயர்பெற்ற சுவிற்சர்லாந்துக் குழுமத்திடம் சேர்ந்தது. 2016இல் அதனைத் தாய்லாந்தின் சியாம் சிட்டி சிமெண்ட் நிறுவனம் வாங்கி, இன்சீ என்னும் பெயரில் நடத்தி வருகின்றது. இன்று இலங்கையில் கல்லைச் சுட்டுக் கிளிங்கர் ஆக்கும் முழு ஆலை அது ஒன்றே. ஏனைய உற்பத்தி, திருகோணமலையிலும் காலியிலும் அம்பாந்தோட்டையிலும் போல, துறைமுகங்களை ஒட்டிய அரைப்பாலைகளில் நிகழ்கின்றது. அரைத்த சீமெந்தை இறக்குமதி செய்து பொதியிடுவோரும் உள்ளனர்.

2022 நெருக்கடிக்கு முந்தைய ஆண்டுகளில் நாட்டின் சீமெந்து நுகர்வு ஏறத்தாழ 70 முதல் 80 இலட்சம் தொன் அளவை எட்டியிருந்தது. இதிற் பெரும்பகுதி ஏதோ ஒரு வடிவில் கப்பலில் வந்தது. இச்சார்பின் விலை 2022இல் வெளிப்பட்டது. ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை இடைநிறுத்தியது. டொலர் இல்லையெனில் கிளிங்கர் இல்லை. கிளிங்கர் இல்லையெனில் கட்டிடம் இல்லை. 2021இல் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கு விற்ற 50 கிலோ மூட்டை, 2022இல் மூவாயிரம் ரூபாயளவுக்கு உயர்ந்தது. போரில் அழிந்த வீட்டைக் கடன்பட்டுக் கட்டத் தொடங்கிய குடும்பங்கள் பல, சுவர் எழும்பிய நிலையில் வேலையை நிறுத்த நேர்ந்தது.

காங்கேசன்துறையை மீளத் திறவுங்கள் என்ற குரலுக்கு இந்நெருக்கடி புதிய நியாயம் வழங்கியது. சொந்த மண்ணிற் கல் இருக்க, பிற நாட்டுக் கிளிங்கருக்கு ஏன் டொலர் கொடுக்கவேண்டும் என்ற வினா மேலோட்டமாக நோக்கின் விடையற்றது போலத் தோன்றும்.

5. எழுதப்படாத நீர்க்கணக்கு

விடை அக்கல்லினுள்ளேயே உள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு இல்லை. வடகீழ்ப் பருவக்காற்று மழை சுண்ணாம்புக்கல்லின் துளைகளிலும் பிளவுகளிலும் இறங்கித் தங்குகின்றது. அந்நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின் மேல், அதனிலும் அடர்த்தி குறைந்ததாகையால், ஒரு வில்லையைப் போல மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கூறும் விதி. அதனை மறுதலையாகவும் வாசிக்கவேண்டும். மேல்மட்டம் ஒரு மீற்றர் தாழுமாயின், அடியிலிருந்து உவர்நீர் நாற்பது மீற்றர் ஏற இடமுண்டு. புத்தூரின் நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழ்நீர் உவராகவும் இருப்பது இவ்விதியின் கண்கூடான சான்று.

குடாநாட்டின் நீர்தாங்கு படைகளுள் மிகப் பெரியது வலிகாமத்திற்குரியது. காங்கேசன்துறைக் கற்குழிகள் அதன் வட விளிம்பில், கடலுக்கு மிக அருகில் அமைந்தன. ஆகவே அங்கே அகழப்பட்ட ஒவ்வொரு தொன் கல்லும் சீமெந்தின் மூலப்பொருள் மட்டுமன்று. நீரை வைத்திருக்கும் கலமும் அதுவே. கல் அகழப்படும்போது கலம் குறைகின்றது. நன்னீருக்கும் கடலுக்கும் இடையிலான தடுப்பும் மெலிகின்றது. திறந்த குழியில் நீர் வெயிற்பட்டு ஆவியாகின்றது. மேலிருந்து விழும் மாசு வடிகட்டப்படாமல் நேரே நீரைச் சேர்கின்றது. சுண்ணாம்புக்கல்லின் கரைகால்கள் வழியே மாசு எவ்வளவு தூரம் பரவக்கூடும் என்ற அச்சம், 2014–15இல் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் காணப்பட்டபோது குடாநாடு முழுவதையும் ஆட்கொண்டது.

கூட்டுத்தாபனக் காலத்தில் ஆலை வருடத்திற்கு எத்தனை தொன் தந்தது, எவ்வளவு இலாபம் ஈட்டியது என்பன கணக்கிடப்பட்டன. அகழ்வினால் நன்னீர் வில்லை எவ்வளவு மெலிந்தது என்பது ஆலையின் வரவு செலவில் ஒரு வரியாகவும் இடம்பெறவில்லை. இது அக்காலத்தின் பொதுக்குறை. உலகெங்கும் அரச தொழில்கள் நிலத்தடி நீரை விலையற்ற பொருளாகவே கருதின. இன்று அவ்வாறு கருத இடமில்லை. 2024 ஓகஸ்ரில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தருவதற்கு அமைக்கப்பட்ட அந்நிலையத்திற்குப் பெரும் கடனும் தொடர்ந்த மின்செலவும் வேண்டும். குடாநாட்டின் நீருக்கு முதன்முறையாக ஒரு வெளிப்படையான விலை குறிக்கப்பட்டுள்ளது. ஒருபுறம் கடல்நீரைக் காசு கொடுத்து நன்னீராக்கிக்கொண்டு, மறுபுறம் நன்னீர் தங்கும் கல்லை வெட்டி விற்பது எந்தப் பொருளியலுக்கும் பொருந்தாது.

மக்கள் இதனை ஆய்வாளருக்கு முன்னரே உணர்ந்துள்ளனர். பூநகரியின் பொன்னாவெளியில் சுண்ணாம்புக்கல் அகழ்வதற்கான முயற்சியை அவ்வூர் மக்கள் அண்மைய ஆண்டுகளில் தொடர்ந்து எதிர்த்து வந்தமைக்குக் கடல்நீர் உட்புகும் என்ற அச்சமே முதன்மைக் காரணம். அவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் எனப் பெயரிடுவது எளிது. அவர்கள் கேட்பது, காங்கேசன்துறையில் எவரும் எழுதாத அந்நீர்க்கணக்கையே.

அகழ்ந்த குழிகளுக்கு நேரக்கூடிய கதியைப் புத்தளம் காட்டுகின்றது. 2017 ஏப்ரலில் கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்கள் பலியானபின், தலைநகரின் கழிவைக் கொட்டுவதற்குப் பயன்படுத்தப்பட்ட இடம் அருவக்காட்டின் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கற் பகுதி. புத்தளத்து மக்கள் எதிர்த்துப் போராடியும் திட்டம் தொடர்ந்தது. கல்லை எடுத்தபின் குழியை யார் பேணுவது என்று முன்கூட்டியே எழுதிவைக்காத இடத்தில், பின்னர் வேறு எவரோ அதன் பயன்பாட்டைத் தீர்மானிப்பர்.

6. எதிர்காலம்

அவ்வாறாயின் இலங்கைச் சீமெந்துக் கைத்தொழிலுக்கும், அதில் வடபுலத்துக்கும் உள்ள வழி யாது? மூன்று போக்குகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, கிளிங்கரின் பங்கைக் குறைத்தல். கல் சூளையில் சிதைவதால் மட்டும், எரிபொருளைச் சேர்க்காமலே, ஒரு தொன் கிளிங்கருக்கு ஏறத்தாழ அரைத் தொன் கரியமில வாயு வெளியேறுகின்றது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் சாம்பல் இலங்கையிற் கலப்புச் சீமெந்துக்கு ஏற்கெனவே பயன்படுகின்றது. சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல் தூளையும் சேர்த்துக் கிளிங்கரில் ஏறத்தாழப் பாதியை ஈடுசெய்யும் முறைகளும் பிற நாடுகளில் நடைமுறைக்கு வந்துள்ளன. இறக்குமதியைக் குறைப்பதற்குப் புதிய சூளையைவிட இது விரைவானதும் மலிவானதுமான வழி.

இரண்டாவது, துறைமுக அரைப்பாலைகளின் முதன்மை தொடரும். காங்கேசன்துறையில் இன்று மீளப் பெறத்தக்கது துறைமுகமேயன்றிச் சூளை அன்று. நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. எதிர்க்கரையில் அரியலூரின் சீமெந்தாலைகள் உள்ளன. துறைமுகம் சரக்குக் கப்பல்களுக்கு உரியவாறு சீரமைக்கப்படுமாயின், அளவான அரைப்பாலையோ பொதியிடும் நிலையமோ, கல் அகழாமலே வடமாகாணத்தின் தேவையை நிறைவுசெய்யவும் வேலைவாய்ப்புத் தரவும் கூடும். ஆலை வளாகத்தை முதலீட்டு வலயமாக்கும் அரசின் அண்மைய திட்டங்களும் இவ்வரையறைக்குள்ளேயே மதிப்பிடப்படவேண்டும்.

மூன்றாவது, பழைய கற்குழிகள். அவற்றின் ஆழம், நீர்மட்டம், உவர்மை ஆகியன அளக்கப்பட்டு, அவ்வளவீடுகள் பொதுவில் வைக்கப்படவேண்டும். மழைநீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்பும் இடங்களாக அவை உதவுமா, அல்லது மாசுக்கு வாயிலாகிவிடுமா என்பது அளந்த பின்னரே கூறத்தக்கது. அதற்குமுன் அவற்றைக் கழிவுக்கோ புதிய அகழ்வுக்கோ ஒதுக்குவது தடுக்கப்படவேண்டும்.

அரைப்பாலைகளைச் சார்ந்த கைத்தொழில் வெளிநாட்டுச் செலாவணியை நம்பியிருக்கும் என்ற ஆட்சேபம் உண்மையானதே. 2022 அதனை உணர்த்தியது. ஆனால் செலாவணி நெருக்கடி தீரக்கூடியது. உவராகிய கிணறு ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் நன்னீராவது அரிது. திரும்பப் பெறக்கூடிய இழப்பையும் திரும்பப் பெறவியலாத இழப்பையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாகாது.

7. முடிவுரை

காங்கேசன்துறைச் சீமெந்தாலை, கல்முதல் மூட்டைவரை முழுமையான ஒரு கைத்தொழிலைத் தமிழ் மண்ணில் நாற்பது ஆண்டுகள் நடத்திக் காட்டியது. அதன் தொழிலாளரது திறனும் உழைப்பும் தீவெங்கும் கட்டிடங்களாக நிற்கின்றன. அவர்கள் நினைவுகூரப்படவேண்டியவர்கள். அதற்கு உகந்த வழி, அவர்களுடைய வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்தலும், ஆலையின் ஆவணங்களையும் வரைபடங்களையும் தேடித் தொகுத்தலுமாகும். 1990இல் முப்பது வயதினராக வேலையிழந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். மூத்தோர் பலர் மறைந்துவிட்டனர். தொழிலாளர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தமிழ்நாட்டிலும் சிதறியிருப்பதால், இப்பணி ஒரு நாட்டு ஆய்வாளரால் முடியாது. இம்மாநாட்டிற் கூடியுள்ள பல்கலைக்கழகத்தாரும் நூலகத்தாரும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது.

அப்பதிவுகளில் கற்குழித் தொழிலாளரிடமும் அயற் கிராமத்து விவசாயிகளிடமும் தவறாது கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: குழி எத்தனை ஆழத்தில் நீரைத் தொட்டது, எந்த ஆண்டில் எந்தக் கிணறு உவரானது? அவ்விடைகளிலிருந்தே நீர்க்கணக்கின் முதற்பக்கத்தை எழுதத் தொடங்கலாம். புலம்பெயர் மூலதனம் வடபுலத்திற்குச் செல்லட்டும். ஆனால் முதலீட்டு ஒப்பந்தத்திற் கையெழுத்திடுமுன், அப்பக்கத்தைக் காட்டுமாறு கேட்கும் கடமை முதலிடுபவர்களுக்கு உண்டு.